வீட்டு வரியோட நூலக வரியும் கட்டுறோமே, ஏன்? புத்தகங்களுக்கு முகவரி தந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் கதை

மூலக்கொத்தளத்தில் சின்னதா ஒரு சொந்த வீடு இருந்தாலும், ஆறு மாசத்துக்கு ஒரு முறை சென்னை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டியாக வேண்டும். அந்தக் கணக்கிலேயே நூலக வரி என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நூலகத்துக்கு எதுக்குத் தனியா ஒரு வரி? அந்தப் பணத்தில் நடக்கிற நூலகத்தில் நமக்கு வேண்டிய புத்தகம் கைக்குக் கிடைக்குதா? இந்த இரண்டு கேள்விகளையும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். புத்தகங்களை எப்படிப் பிரிப்பது, எந்தப் பெயரில் பட்டியலில் எழுதுவது என்பதை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர். இந்தியாவில் ஆகஸ்ட் 12-ஆம் தேதி தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுவது இவருடைய பிறந்தநாளை ஒட்டித்தான்.

புத்தகத்தை அடுக்கி வைப்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோணலாம். அதற்கு மூலக்கொத்தளத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

புத்தகம் இருக்கு, ஆனா கிடைக்கல!

மூலக்கொத்தளம் இடுகாட்டில் தாளமுத்து, நடராசன் இருவரின் நினைவிடம் இருப்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி, தண்டனைக் காலத்திலேயே உடல்நலம் கெட்டு 1939-ல் இறந்தவர்கள். இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, பள்ளி மாணவி ஒருத்தி நூலகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் எந்தச் சொல்லைத் தேடுவாள்?

மூலக்கொத்தளம் என்று தேடலாம். மூலகொத்தளம் என்று எழுதுபவர்களும் உண்டு. பழைய கருப்பர் பட்டணத்துச் சுவரின் மூலையில் இருந்த கொத்தளம் என்பதுதான் பெயர்க் காரணம் என்பதால், மூலைக்கொத்தளம் என்றும் சிலர் எழுதுவார்கள். ஆளின் பெயரைப் பார்த்தால் நடராசன், நடராஜன் என்று இரண்டு விதம். நடந்த நிகழ்வை ஒருவர் இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்பார், இன்னொருவர் மொழிப்போர் என்பார்.

புத்தகம் ஒன்றுதான். ஆனால் பட்டியலில் மொழிப்போர் என்று எழுதியிருந்து, அந்தப் பெண் இந்தி எதிர்ப்பு என்று தேடினால், புத்தகம் இல்லை என்றே பதில் வரும். பத்தடி தூரத்து அலமாரியில் அது இருக்கும்போதே வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

நூலகங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் இருந்தாலும், பட்டியலில் ஒரு பெயரை நிலையாக வைத்துக்கொள்வார்கள். மற்ற பெயர்களில் யார் தேடினாலும் அந்த நிலையான பெயரைப் பார்க்கச் சொல்லி வழிகாட்டும் குறிப்பு இருக்கும். இப்படி வரையறுத்து வைத்த சொற்களின் தொகுப்பைக் கட்டுப்பாட்டுச் சொற்பட்டியல்னு சொல்லலாம். எந்தப் பொருள் எதற்குள் அடங்கும், எது எதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று கிளை கிளையாகப் பிரிப்பது பொருள் வகைப்பாடு. ஒரு நூலகத்துக்கு இரண்டுமே வேணும். ரங்கநாதன் உழைத்தது இந்த இரண்டுக்காகத்தான்.

சீர்காழியில் பிறந்தவர், பாரிமுனையில் படித்தவர்

1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார் ரங்கநாதன். அவருடைய ஆறு வயதிலேயே தந்தை ராமாமிர்தம் இறந்துவிட்டார். உள்ளூர்ப் பள்ளியில் படிப்பு. பேச்சில் திக்கல் இருந்தது. பின்னாளில் அதை முயன்று சரிசெய்துகொண்டார்.

மேல்படிப்புக்கு வந்து சேர்ந்த இடம் சென்னை கிறித்தவக் கல்லூரி. இன்று தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி, 1937 வரை இயங்கியது ஜார்ஜ் டவுனில், பாரிமுனைப் பக்கத்தில். மூலக்கொத்தளத்திலிருந்து தங்கசாலைத் தெரு வழியாகத் தெற்கே வந்தால் எட்டிவிடும் தூரம்தான். அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியரின் செல்ல மாணவர் ஆனார். 1913-ல் பி.ஏ., 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் சொல்லிக்கொடுத்தார்.

அவர் பெயரிலேயே நாம் மேலே பார்த்த அந்தச் சிக்கல் இருக்கிறது. எஸ் என்ற முன்னெழுத்து அவருடைய ஊர். சீர்காழியை அன்று ஆங்கிலத்தில் ஷியாலி என்று எழுதினார்கள். இன்று அந்த எழுத்துமுறை வழக்கில் இல்லை. தமிழிலோ ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன் என்று மூன்று விதமாக எழுதலாம். குடும்பப் பெயரைக் கடைசியில் வைக்கும் மேற்கத்தியப் பழக்கத்துக்காக உண்டான விதிகள், ஊரும் அப்பா பெயரும் முன்னெழுத்தாக நிற்கும் நம்ம ஊர்ப் பெயர்களுக்கு ஒத்துவராது. இந்தியப் பெயர்களைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்பதற்கும் பின்னாளில் அவரே விதிகள் வகுத்தார்.

வேண்டா வெறுப்பாக வந்த வேலை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் இல்லை. நேர்காணலுக்குச் சில நாள் முன்னால் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான் அவருடைய நூலக அறிவு. கணிதத்தில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்ததால் வேலை கிடைத்தது.

1924 ஜனவரியில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே வெறுத்துப்போனது. வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆளே வராத நூலகத்தில் பொழுது போகவில்லை. பழைய வேலையே கொடுத்துடுங்க என்று கேட்டுப் போய் நின்றார். பல்கலைக்கழகம் ஒரு சமரசத்துக்கு வந்தது. லண்டனுக்குப் போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வரட்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வாத்தியார் வேலை திரும்பக் கிடைக்கும்.

அவர் கணக்கு வாத்தியார் வேலைக்குத் திரும்பவே இல்லை.

பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். வகைப்பாட்டுப் பாடம் எடுத்தவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகரத்தின் தலைமை நூலகர். அவர் வழிகாட்டுதலில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார் ரங்கநாதன்.

அங்கே கண்ட விஷயங்களில் ஒன்று அவரை அசரவைத்தது. தொழிலாளர்களும் குழந்தைகளும் நூலகத்துக்குத் தினமும் வந்து போனார்கள். சென்னையில் நூலகம் என்பது படித்த சிலருக்கு மட்டுமான இடமாக இருந்தது. இன்னொரு விஷயம் அவரை உறுத்தியது. புத்தகங்களைப் பிரிக்க அங்கே புழங்கிய ட்யூயி முறை.

அமெரிக்காவின் மெல்வில் ட்யூயி 1876-ல் வெளியிட்டது அந்த முறை. உலக அறிவு முழுவதையும் 10 பெரும் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக உடைத்துக்கொண்டே போகும். எளிமையானது, உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் வீட்டுக்கு உரியவர் யார், விருந்தாளி யார் என்பதை அதன் எண்களே காட்டிக்கொடுத்துவிடும். இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, ஜெர்மன் 830, பிரெஞ்சு 840 என்று போய், மிச்சமுள்ள மொழிகளுக்கெல்லாம் கடைசியில் 890. இரண்டாயிரம் ஆண்டு பழமையான தமிழ் இலக்கியத்துக்கு இன்றும் அதில் எண் 894.811. மதப் பிரிவிலும் இதே கதை. கிறித்தவத்துக்குப் பெரும் பகுதி, மற்ற மதங்கள் எல்லாம் 290-க்குள்.

இடப் பங்கீட்டை விடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. ட்யூயி முறையில் பிரிவுகள் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. புதுசா ஒரு துறை பிறந்தாலோ, ஒரே புத்தகம் மூன்று நான்கு விஷயங்களைத் தொட்டாலோ, இருக்கிற அறைகளில் ஏதாவது ஒன்றில் அதைத் திணித்தாக வேண்டும்.

இதற்கு விடை லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் கிடைத்தது. அங்கே ஒரு விற்பனையாளர் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை போட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள், அவ்ளோதான். அதே துண்டுகளை ஒரு முறை ஒரு மாதிரி முடுக்கினால் ஒரு பொம்மை, கழற்றி வேறு மாதிரி முடுக்கினால் இன்னொரு பொம்மை.

புத்தகத்தின் பொருளையும் இப்படித்தானே கையாளணும் என்று ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. முடிந்த பொம்மைகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். துண்டுகளைக் கொடுத்துவிட்டு, எப்படி இணைப்பது என்று விதி சொன்னால் போதும். 1925-ல் ஊர் திரும்பும்போதே கப்பலில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

கோலன் பகுப்பு: எப்படி வேலை செய்கிறது?

1933-ல் அது நூலாக வந்தது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக அவர் பயன்படுத்தியது முக்காற்புள்ளியை. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால் இந்த முறைக்குக் கோலன் பகுப்பு என்ற பெயர் நின்றது.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஐந்து கேள்வி கேட்கலாம் என்று பின்னாளில் அதை மேலும் தெளிவாக்கினார். எதைப் பற்றியது? எந்தப் பொருளாலானது, எந்தத் தன்மை கொண்டது? அதில் என்ன செயல் நடக்கிறது? எந்த இடத்தில்? எந்தக் காலத்தில்? இந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் முகம் என்று பெயர்.

ஒரு உதாரணம். 1950-களில் காசநோய் சிகிச்சையில் சென்னை உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளை மாசக் கணக்கில் மருத்துவமனையில் வைக்காமல், வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் குணப்படுத்த முடியும் என்று காட்டியது. நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளுக்கும் அது பொருந்தியது. அந்தக் காலத்து இந்தியக் காசநோய் சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் வந்தால், அதை எங்கே வைப்பது?

கோலன் முறையில் மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, இந்தியாவுக்கு 44, 1950-களுக்கு என்5. இவற்றை உரிய குறிகளால் இணைத்தால் கிடைப்பது எல்,45;421:6.44'என்5. பார்க்கக் கணக்குச் சூத்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தின் முழு விலாசமே அதில் அடங்கிவிட்டது. நாளைக்கு இலங்கையில் இதே விஷயம் பற்றி ஒரு நூல் வந்தால், இடத்துக்கான எண்ணை மட்டும் மாற்றினால் போதும். யாரும் புதுசாக ஒரு பிரிவு உண்டாக்க வேண்டியதில்லை.

எண்ணிலிருந்து சொல்லுக்கு

வாசகர்கள் எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை, சொல்லால்தான் தேடுகிறார்கள். அங்கே அவர் கண்டுபிடித்ததுதான் சங்கிலி முறை.

புத்தகத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, கடைசி வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் நடந்தால் தேடல் சொற்கள் தானாகவே கிடைக்கும். மேலே பார்த்த அதே காசநோய்ப் புத்தகத்தை எடுத்து, நாட்டையும் காலத்தையும் விட்டுவிட்டு மற்ற வளையங்களைப் பாருங்க:

சிகிச்சை, காசநோய், நுரையீரல், மருத்துவம்.
காசநோய், நுரையீரல், மருத்துவம்.
நுரையீரல், மருத்துவம்.
மருத்துவம்.

சிகிச்சை என்று தேடி வருபவருக்கும் புத்தகம் கிடைக்கும், நுரையீரல் என்று தேடி வருபவருக்கும் கிடைக்கும். பட்டியல் தயாரிப்பவருக்கு அந்த நேரத்தில் என்ன சொல் தோன்றுகிறதோ அதை எழுதுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1950-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல், சுமார் இருபது ஆண்டுகள் இந்தச் சங்கிலி முறையைப் பயன்படுத்தியது. லண்டனுக்குப் பாடம் படிக்கப் போனவரின் முறையை லண்டனே எடுத்துக்கொண்டது.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டு இன்றும் நமக்கு வேண்டியவை. ஒன்று, சொல் இன்றைய வழக்கில் இருக்க வேண்டும். வழக்கு மாறினால் பட்டியலும் மாற வேண்டும். இன்னொன்று, பட்டியல் போடுபவரின் சொந்த அபிப்பிராயம் சொல்லில் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு எழுத்தாளரைச் சிறு எழுத்தாளர் என்று தலைப்பிட நூலகருக்கு உரிமை கிடையாது. தீர்ப்பு வாசகருடையது.

இதன் அருமை வடசென்னைக்குத் தெரியும். 1970-ல் உண்டான குடிசை மாற்று வாரியம், 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசை என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்ட இளக்காரம் வேண்டாம் என்று பலர் நினைத்தார்கள். பட்டியலில் புதுப் பெயரை மட்டும் வைத்தால், ஐம்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட நூல்களும் அறிக்கைகளும் தேடுபவர் கண்ணில் படாது. பழைய பெயரிலேயே விட்டுவிட்டால், அங்கே வாழ்பவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சொல் பட்டியலில் நிரந்தரமாகிவிடும். புதுப் பெயரைத் தலைப்பாக்கி, பழைய பெயரிலிருந்து அதற்கு வழிகாட்டும் குறிப்பைப் போடுவதுதான் சரி. இது ஒரு வரி வேலைதான். ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

ஐந்து விதிகள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார் ரங்கநாதன். வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தை மாற்றி, அலமாரி வரை அவரே போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்படி திறந்துவிட்டார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் முக்கியப் பங்கு அவருடையது. அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சியும் தொடங்கியது.

அதே 1928 அவருடைய சொந்த வாழ்க்கையில் கொடுமையான ஆண்டு. முதல் மனைவி ருக்மணி ஒரு விபத்தில் இறந்தார். மறு ஆண்டு சாரதாவை மணந்தார். அந்த நாட்களில்தான், கணிதத்துக்கு அடிப்படை விதிகள் இருப்பது போல நூலகத்துக்கு என்ன விதி என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது. பழைய ஆசிரியர் ராஸ் பேச்சுவாக்கில் முதல் விதியை எடுத்துக்கொடுக்க, மற்ற நான்கும் தொடர்ந்து வந்தன. 1931-ல் புத்தகமாக வந்த அந்த ஐந்து விதிகளின் சாரம் இதுதான்:

புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த.
எந்த வாசகர் வந்தாலும் அவருக்கு உரிய புத்தகம் கிடைக்க வேண்டும்.
எந்தப் புத்தகமும் தனக்கு உரிய வாசகரை அடைய வேண்டும்.
வாசகரின் நேரம் வீணாகக் கூடாது.
நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

வகைப்பாடும் சொற்பட்டியலும் ஏன் தேவை என்பதற்கு நடு மூன்று விதிகளே விடை. துறைமுகத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவருக்கு நூலகத்தில் செலவிட அரை மணி நேரம்தான் இருக்கும். அந்த அரை மணி நேரமும் தேடுவதிலேயே போனால், அடுத்த முறை வர மாட்டார். நேரம் நிறைய இருப்பவர் எப்படியாவது தேடி எடுத்துக்கொள்வார். பட்டியல் சரியில்லை என்றால் முதலில் நஷ்டப்படுவது நேரம் இல்லாதவர்தான்.

அந்த விதிகள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. விதிகள் நூலாக வந்த அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நூலகம் ஒன்று தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்பவர் அதை நடத்தினார். ரங்கநாதனின் நூலக இயக்கத்தின் சூட்டில் பிறந்த முயற்சி அது.

நூலக வரி வந்த கதை

வண்டியும் நல்ல மனசும் மட்டும் போதாது, நிரந்தர வருமானம் வேணும் என்று ரங்கநாதனுக்குத் தெரிந்திருந்தது. பொது நூலகத்துக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை 1930-லேயே எழுதி வைத்தார். சட்டமன்றத்தில் முயற்சிகள் நடந்தும் அந்தப் பத்தாண்டுகளில் எதுவும் நிறைவேறவில்லை.

கடைசியில் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நூலகம் நடத்துவது அரசின் பொறுப்பு, அதற்கான பணம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும், உள்ளூர் நூலக ஆணைக்குழு அதைச் செலவிடும் என்ற ஏற்பாடு அப்போது பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் அந்த வரி, சொத்து வரியில் 10 சதவீதம். மூலக்கொத்தளத்து வீட்டுக்காரர் கட்டுவதும் இதைத்தான்.

அதாவது, நூலகம் என்பது யாரோ பெரிய மனுஷர் தரும் தானம் அல்ல. நாம் காசு கொடுத்து நடத்துவது. தேடிய புத்தகம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் உரிமையும் அதனால்தான் நமக்கு வருகிறது.

காசியில் ஒரு லட்சம் புத்தகம்

1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தார். ஓய்வெடுக்க விடவில்லை. துணைவேந்தராக இருந்த ராதாகிருஷ்ணன் அழைக்க, காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஒற்றை ஆளாக, சுமார் ஒரு லட்சம் நூல்களைப் பகுத்துப் பட்டியலிட்டார். 1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். 1950-களின் நடுவில் சில ஆண்டுகள் சூரிச் நகரத்தில் தங்கி எழுதினார். 1957-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே ஆண்டு தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை அமைப்பதற்காக. அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, சாரதாவின் பெயரை வைத்தார். வேலை வேலை என்றே கிடந்த மனிதரோடு வாழ்ந்தவருக்குச் செய்த மரியாதை என்று அதைப் பார்க்கலாம்.

1962-ல் பெங்களூருவில் ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் ஆனார். இத்தனைக்கும் நடுவில் கணிதப் பாசம் விடவில்லை. 1967-ல் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த அதே ராமானுஜன்தான். 1972 செப்டம்பர் 27-ல் ரங்கநாதன் பெங்களூருவில் இறந்தார்.

ஜெயித்தாரா, தோற்றாரா?

உண்மையைச் சொன்னால், கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்கள் இன்று மிகக் குறைவு. எண்கள் நீளமானவை, புத்தகத்தின் முதுகில் ஒட்டும் சின்னச் சீட்டில் எழுதச் சிரமம். பதிப்புக்குப் பதிப்பு விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பழைய புத்தகங்களின் எண்ணையெல்லாம் யார் திருத்துவது? உலகத்தின் ஏராளமான நூலகங்கள், குறைகள் தெரிந்தும் ட்யூயி முறையிலேயே இருந்துவிட்டன.

ஆனால் அவருடைய யோசனை உங்க கையிலேயே இருக்கு. போனில் சட்டை வாங்கும்போது என்ன செய்றீங்க? நிறம், அளவு, விலை, துணி வகை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் குறுக்கிக்கொண்டே போறீங்க. எந்த வரிசையில் தேர்ந்தெடுத்தாலும் அதே சட்டை கண்ணில் படும். ஒரு பொருளை ஒரே அறையில் பூட்டாமல் பல முகங்களில் விவரிப்பது என்ற அந்த ரங்கநாதன் யோசனைதான், பல முகத் தேடல் என்ற பெயரில் கணினி உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழில் மிச்சமிருக்கும் வேலை

இப்போ எல்லாம் கணினியே தேடித் தருமே, இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். கணினி நாம் தட்டும் எழுத்தைத் தேடும். மூலக்கொத்தளமும் மூலைக்கொத்தளமும் ஒரே இடம், மெட்ராஸும் சென்னையும் ஒரே ஊர், மொழிப்போரும் இந்தி எதிர்ப்பும் இந்தப் புத்தகத்தில் ஒன்றுதான் என்று யாராவது எழுதி வைத்தால்தான் நூலகப் பட்டியலுக்குத் தெரியும். தமிழில் எழுத்துமுறை வேறுபாடு அதிகம். கிரந்த எழுத்து போட்டும் போடாமலும் எழுதுவோம், ஒற்று மிகும், மிகாது. இந்த மொழிக்கு நல்ல சொற்பட்டியலின் தேவை மற்ற பல மொழிகளை விடக் கூடுதல்.

அதனால் அடுத்த முறை நூலகத்தில் ஒரு புத்தகம் இல்லை என்று பதில் வந்தால், உடனே திரும்பிவிட வேண்டாம். வேறு எந்தப் பெயரில் இருக்கும் என்று நூலகரிடம் கேளுங்க. மக்கள் வழக்கமாகச் சொல்லும் பெயரில் அது பட்டியலில் இல்லை என்றால், அந்தப் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. நூலக வரி கட்டுறவங்க கேட்கலாம். கட்டாதவங்களும் கேட்கலாம். எந்த வாசகர் வந்தாலும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்று எழுதிய ரங்கநாதன், வரி ரசீதைக் காட்டினால்தான் கிடைக்கும் என்று எங்கேயும் சேர்க்கவில்லை.